பாப் பாட்டுக்கு எந்த பாட்காஸ்ட்: பாடியவர் பேசுவதா, பட்டியல் பேசுவதா?

பாப் இசை பற்றிய ஆங்கில பாட்காஸ்ட்களைத் தேடினால் வந்து விழுவதற்கு அளவே இல்லை. டெய்லர் ஸ்விஃப்ட் ஒருவருக்கே தனியாகப் பல தொடர்கள் ஓடுகின்றன. 'கட்டாயம் கேட்க வேண்டியவை' என்று யாரோ போட்ட பட்டியலைப் பார்த்துப் பத்துத் தொடரைச் சேர்த்து வைத்தால், இரண்டு வாரத்தில் கேட்காத எபிசோட்கள் மலைபோல் குவிந்து, ஆப்பைத் திறக்கவே சலிப்பு வந்துவிடும். வேலைக்குப் போய் வரும் வழியிலும் பாத்திரம் கழுவும் நேரத்திலும் வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் கிடைக்கிறவருக்கு இரண்டு தொடர் போதும். எந்த இரண்டு என்பதில்தான் குழப்பம்.

நான் முதலில் பார்ப்பது, பேசுகிறவர் யார் என்பதை. பாட்டை உண்டாக்கியவரா, அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ரசிகரா, விற்பனைக் கணக்கு வைத்திருப்பவரா, வரலாறு எழுதுபவரா? அடுத்தது, பேச்சுக்கு நடுவே பாட்டு எவ்வளவு காதில் விழுகிறது என்பது. இந்த இரண்டும் ஒன்றையொன்று தீர்மானிக்கின்றன. வானொலி நிலையம் மொத்தமாக ஓர் உரிமம் வாங்கிக்கொண்டு நாள் முழுக்கப் பாட்டுப் போடலாம். பாட்காஸ்ட் என்பது கேட்பவர் இறக்கி வைத்துக்கொள்ளும் கோப்பு. அந்த உரிமம் இதற்குப் பொருந்தாது. ஒவ்வொரு பாட்டுக்கும் தனியாகப் பேசி வாங்க வேண்டும். அதனால் இவர்களுக்கு இருப்பது மூன்று வழிதான். பாடகரையே அழைத்து அவர் சம்மதத்தோடு போடலாம், விமர்சனத்துக்குத் தேவையான சின்னத் துண்டோடு நிறுத்திக்கொள்ளலாம், அல்லது தாங்களே வாசித்துக் காட்டலாம். எந்த வழியில் போகிறார்களோ அதைப் பொறுத்தே அவர்களால் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பதும் அமைகிறது.

முதல் வழியில் போனது 'சாங் எக்ஸ்ப்ளோடர்'. இசைக்கலைஞரான ஹ்ருஷிகேஷ் ஹிர்வே 2014 ஜனவரியில் தொடங்கியது. ஒரு எபிசோட், ஒரு கலைஞர், ஒரே ஒரு பாட்டு. ஹிர்வே கேள்வி கேட்டுப் பதிவு செய்கிறார். ஆனால் எடிட் செய்யும்போது தன் கேள்விகளை எல்லாம் வெட்டி எறிந்துவிடுகிறார். தொடக்கத்திலும் இடையில் ஓரிரு இடத்திலும் தவிர அவர் குரலே கேட்காது. பாடகர் உங்களிடம் நேராகப் பேசுகிற மாதிரி இருக்கும். பேசப்பேச, ரெக்கார்டிங்கில் தனித்தனியாகப் பதிவான ட்ராக்குகள் வரும். முதலில் டிரம் மட்டும், அப்புறம் பேஸ் கிடாரின் ஒரு வரி, பின்னணியில் புதைந்து போயிருந்த ஒரு கோரஸ் குரல். கடைசியில் முழுப் பாட்டையும் போடுவார். அரை மணி நேரத்துக்கு முன்பு கேட்டிருந்தால் கடந்து போயிருக்கும் பாட்டில், அந்தப் பின்னணிக் குரலை இப்போது காது தானாகத் தேடிப் பிடிக்கும். பெரும்பாலான எபிசோட்கள் இருபது நிமிடத்தைச் சுற்றி முடிந்துவிடுகின்றன. இந்தச் சிக்கனத்துக்காகவே இதைப் பிடிக்கும்.

உதாரணத்துக்கு, செமிசானிக் என்ற மினியாபொலிஸ் இசைக்குழுவின் 'க்ளோசிங் டைம்'. 1998-இல் வந்த இந்தப் பாட்டை அமெரிக்காவில் பார் மூடுகிற நேரத்துப் பாட்டாகவே எல்லோரும் அறிவார்கள். எழுதிய டான் வில்சன் சாங் எக்ஸ்ப்ளோடரில் வந்து அதன் பின்கதையைச் சொல்கிறார். கச்சேரியை முடித்துவைக்க ஒரு பாட்டு வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறார். அப்போது அவர் மனைவி கருவுற்றிருந்தார். எழுதிக்கொண்டு போகும்போதுதான், பாரிலிருந்து ஆளை வெளியே அனுப்புவதும் கருவறையிலிருந்து ஒரு குழந்தை வெளியே வருவதும் அவருக்கு ஒன்றாகிவிடுகிறது. குழந்தை குறைமாதத்தில் பிறந்து மாதக்கணக்கில் மருத்துவமனையில் இருந்ததும் அந்தக் கதையில் வருகிறது. இதைத் தெரிந்துகொண்டபின் அந்தப் பாட்டைக் குடிகாரப் பாட்டாகக் கேட்பது கஷ்டம். அடெலின் 'சம்ஒன் லைக் யூ'வைச் சேர்ந்து எழுதியவரும் இதே வில்சன்தான். ஓர் எளிய வரிக்குள் இரண்டு அர்த்தத்தை ஒளித்துவைப்பது அவருக்குக் கைவந்த கலை.

ஆனால் பாட்டின் சொந்தக்காரரே பேசும்போது பாட்டு மோசம் என்று யார் சொல்வது? அதே பாடகரின் போன ஆல்பம் ஏன் சுருண்டது, இது ஏன் ஓடியது என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. அவர் சொல்வதுதான் கதை; குழுவில் இன்னொருவருக்கு வேறு நினைவு இருக்கலாம், அது நமக்கு வராது. ஆகவே, பிடித்த பாட்டுக்குப் போக ஏற்ற இடம் இது. பிடிக்குமா என்று தெரியாத பாட்டுக்கு அவ்வளவு ஏற்றதல்ல. தொடரைப் பின்தொடர்ந்து எல்லாவற்றையும் கேட்பதைவிட, பட்டியலைப் பார்த்து நமக்கு வேண்டிய பெயர்களை மட்டும் பொறுக்குவது நல்லது. ப்யோர்க், லார்ட், யூ2 எல்லோரும் இருக்கிறார்கள். பாப் அல்லாதவற்றுக்கும் இடம் உண்டு. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தலைப்பிசையை ராமின் ஜவாதி பிரித்துக் காட்டும் எபிசோட் அப்படி ஒன்று. 2020-இல் இது நெட்ஃப்ளிக்ஸ் தொடராகவும் வந்தது. படம் சேர்ந்ததும் ஏதோ குறைந்துவிட்டதாகவே எனக்குப் பட்டது. முகம் தெரியாமல் குரல் மட்டும் வரும்போது இருந்த நெருக்கம் அதில் இல்லை.

அதே 'க்ளோசிங் டைம்' பாட்டை இசை தெரிந்த ரசிகர்கள் இருவர் கையில் கொடுத்தால் கேள்வி வேறாகிவிடும். பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வருவது ஏறக்குறைய அதே நாலு கார்டுதான் (chord, ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டு). அப்படியிருக்க, பல்லவி மாதிரித் திரும்ப வரும் கோரஸ் பகுதியில் மட்டும் கூரை உயர்ந்த மாதிரி ஏன் இருக்கிறது? இந்த மாதிரிக் கேள்விகளால் ஆனதுதான் 'ஸ்விட்ச்டு ஆன் பாப்'. இசையியல் பேராசிரியர் நேட் ஸ்லோனும் பாடலாசிரியர் சார்லி ஹார்டிங்கும் 2014 முதல் நடத்துகிறார்கள். கலிஃபோர்னியாவில் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது கார்லி ரே ஜெப்சனின் 'கால் மீ மேபி'யைப் பற்றிப் பேச ஆரம்பித்து, அதிலிருந்து வந்த யோசனை என்று அவர்களே சொல்வார்கள். பாப் என்றாலே மட்டம் என்று நினைத்திருந்த இரண்டு பேர், அதற்குள் இருக்கும் கைவேலையைக் கண்டு அசந்துபோன கதை அது. அந்த அசருதல் இன்னும் அவர்களிடம் தேயவில்லை.

இவர்கள் தரும் லாபத்தை விரல் விட்டே எண்ணிப் பார்க்கலாம். அவுட்காஸ்டின் 'ஹே யா!' 2003-இல் வந்தது. உலகமே ஆடிய பாட்டு. 2019-இல் இவர்கள் எழுதிய புத்தகத்தில் தாளத்தைப் பற்றிய அத்தியாயத்துக்கு இதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பாட்டை ஓடவிட்டுத் தொடையில் தாளம் போட்டுப் பாருங்கள். நாலு நாலாக மூன்று முறை சரியாக வரும். அடுத்த நாலு வர வேண்டிய இடத்தில் இரண்டோடு அறுந்துவிடும். பிறகு மறுபடி இரண்டு நாலு. மொத்தம் 22 எண்ணிக்கை ஒரு சுற்று. கர்நாடக இசைக் கச்சேரியில் உட்கார்ந்து தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். பிடிபட்டதும், இத்தனை பேர் தடுக்கி விழாமல் இதற்கு எப்படி ஆடினார்கள் என்ற ஆச்சரியமும் வரும். ஸ்லோனும் ஹார்டிங்கும் வாராவாரம் செய்வது இதைத்தான். இசையைப் படித்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை; கலைச்சொல் வந்தால் அங்கேயே பியானோவிலோ கிடாரிலோ வாசித்துக் காட்டிவிடுகிறார்கள். 2020-இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு சேர்ந்து பேத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபனிக்கு ஒரு குறுந்தொடர் செய்தார்கள். பாப்புக்கு வைத்திருக்கும் அதே கத்தியால் அதையும் வெட்டினார்கள், நன்றாகவே வெட்டினார்கள்.

குறை என்றால், வாராவாரம் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடி. அந்த வாரம் வந்த பாட்டு சப்பையாக இருந்தாலும் அதில் ஏதோ ஒரு நுட்பத்தைத் தோண்டி எடுத்துக் கொண்டாடுவார்கள். நண்பர்கள் இருவர் என்பதால் ஒருவர் சொன்னதற்கு மற்றவர் வியந்து முடிக்கக் கொஞ்சம் நேரமாகும். அமெரிக்காவில் இந்த வாரம் என்ன ஓடுகிறது என்பதில் அக்கறை இல்லாதவருக்குப் பாதி எபிசோட்கள் தேவைப்படாது. அதுவே அக்கறை உள்ளவர் என்றால், புதுப் பாட்டோடு கூடவே நடக்க இதைவிட நல்ல துணை கிடைக்காது.

நான் அதிகம் மெச்சுவது மூன்றாவதை. ஸ்லேட் இதழின் 'ஹிட் பரேட்', கிறிஸ் மொலன்ஃபி 2017 ஏப்ரலில் தொடங்கியது. அமெரிக்காவில் வாராவாரம் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்ட் பட்டியல்களின் கணக்குப்பிள்ளை இவர். எந்தப் பாட்டு எந்த வாரம் எத்தனையாவது இடம், ஏன், யாருடைய வேலை என்பதெல்லாம் நாக்கு நுனியில். கேட்கக் காய்ந்துபோன விஷயம் மாதிரித் தோன்றும். ஆனால் மனிதர் பேசுகிற விதம் பழைய வானொலி அறிவிப்பாளர் விதம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஏற்ற இறக்கம், சரியான இடத்தில் பாட்டுத் துண்டு, பேச்சு நிற்கும் நொடியில் கோரஸ் எழும்பும். இலங்கை வானொலியில் பி.எச்.அப்துல் ஹமீதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அறிவிப்பு என்பதே ஒரு கலை என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் சுகம் இதில் கிடைக்கிறது.

முதல் எபிசோடே யுபி40 என்ற பிரிட்டிஷ் குழுவின் 'ரெட் ரெட் வைன்'. நீல் டயமண்ட் 1967-இல் பாடிய சோகப் பாட்டு. 1969-இல் டோனி ட்ரைப் அதை ஜமைக்கா பாணியான ரெகே ஆக்கினார். பர்மிங்ஹாம்காரர்களான யுபி40 கேட்டு வளர்ந்தது அந்த ரெகே வடிவத்தை. எழுதியவர் 'என்.டயமண்ட்' என்றிருந்ததைப் பார்த்து யாரோ ஜமைக்காக்காரர் என்றே நினைத்திருந்தார்களாம். 1983-இல் அவர்கள் பாடி பிரிட்டனில் முதலிடம் வந்தது. அடுத்த வருடம் அமெரிக்காவில் 34-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1988-இல் ஃபீனிக்ஸ் நகரத்து வானொலிக்காரர் ஒருவர் அந்தப் பழைய பாட்டை மறுபடி போட ஆரம்பிக்க, கேட்டவர்கள் விடாமல் கேட்க, அந்த அக்டோபரில் பில்போர்டின் முதன்மைப் பட்டியலான ஹாட் 100-இல் முதலிடம். பாட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை. மாறியதெல்லாம் வெளியேதான். ஒரு ஹிட்டுக்குப் பாட்டு மட்டும் காரணமில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியதில்லை.

நம் 'க்ளோசிங் டைம்' விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் எங்கு திரும்பினாலும் கேட்ட அந்தப் பாட்டு, ஹாட் 100 பட்டியலில் ஏறவே இல்லை. காரணம், கடையில் சிங்கிளாக, அதாவது ஆல்பத்திலிருந்து பிரித்துத் தனிப்பாட்டாக, விற்காத பாட்டுக்கு அந்தப் பட்டியலில் அப்போது இடம் கிடையாது. தொண்ணூறுகளில் இசை நிறுவனங்கள் வேண்டுமென்றே ஹிட் பாட்டுகளைச் சிங்கிளாக விடாமல் வைத்துக்கொண்டன. ஒரு பாட்டு வேண்டுமா, முழு சிடியையும் வாங்கு என்ற கணக்கு. நோ டவுட்டின் 'டோன்ட் ஸ்பீக்' வானொலிப் பட்டியலில் 16 வாரம் முதலிடத்தில் இருந்தும் ஹாட் 100-இல் ஒரு நாள்கூட இல்லை. 1998 டிசம்பரில்தான் விதி மாறியது. அதற்குள் நேட்டலி இம்ப்ரூலியாவின் 'டோர்ன்' 11 வாரம் வானொலியில் கோலோச்சி முடித்திருந்தது. உள்ளே நுழைந்தபோது கிடைத்தது 42-ஆம் இடம். சிங்கிளுக்கு எதிரான இந்தப் போரைப் பற்றியே ஹிட் பரேடில் ஒரு முழு எபிசோட் இருக்கிறது. வாங்கவிடாமல் பூட்டி வைத்த பாட்டுகளை ஜனங்கள் சில வருடம் கழித்து நாப்ஸ்டர் என்ற இணையக் கோப்புப் பகிர்வுச் சேவையில் இலவசமாக அள்ளிக்கொண்டதும் இந்தக் கதையின் தொடர்ச்சிதான். டான் வில்சன் தன் பாட்டைப் பற்றி எவ்வளவு பேசினாலும் இதை அவரிடமிருந்து நாம் கேட்டிருக்க மாட்டோம்.

மொலன்ஃபியிடம் இல்லாதது, பாட்டு ஏன் காதுக்கு இனிக்கிறது என்ற விளக்கம். தொட்டுவிட்டுப் போவார், தங்க மாட்டார். அவ்வப்போது 'அதற்கடுத்த பாட்டு ஆறாவது இடம், அதற்கடுத்தது மூன்றாவது இடம்' என்று எண்கள் அடுக்கடுக்காக வந்து மூச்சு முட்டும். ஸ்லேட்டுக்குச் சந்தா கட்டியவர்களுக்கு எபிசோட் முழுதாக வரும். மற்றவர்களுக்கு இரண்டு பாதியாகப் பிரித்து, நடுவில் காக்க வைப்பார்கள். எரிச்சல்தான். இருந்தாலும் காத்திருக்கலாம்.

நான்காவது ஆசாமி தனி ரகம். ஆண்ட்ரூ ஹிக்கி என்ற ஆங்கிலேயர் 2018 அக்டோபரில் 'எ ஹிஸ்டரி ஆஃப் ராக் மியூசிக் இன் ஃபைவ் ஹண்ட்ரட் சாங்ஸ்' என்று ஆரம்பித்தார். 500 பாட்டு வழியாக 1999 வரை வருவதாகத் திட்டம். விளம்பரம் கிடையாது, விருந்தினர் கிடையாது. கேட்பவர்கள் மாதாமாதம் தரும் பணத்தில், தான் எழுதியதைத் தானே வாசிக்கிறார். பென்னி குட்மன் குழு 1939-இல் பதிவு செய்த 'ஃப்ளையிங் ஹோம்' முதல் பாட்டு. ராக் வரலாற்றுக்கு ஜாஸிலிருந்தா தொடக்கம் என்று புருவம் உயரும். எந்த ஒன்றுக்கும் 'முதல்' என்று ஒன்று கிடையாது என்பது அவர் அடிக்கடி சொல்வது. கருப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்த ஒரு குழு, அதில் சார்லி கிறிஸ்டியனின் எலெக்ட்ரிக் கிடார் என்று அவர் விரித்துக்கொண்டு போகும்போது, சரிதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

தலைப்பில் 'ராக்' என்று இருந்தாலும் பாப் ரசிகர் மிரள வேண்டாம். மோடவுன் பாட்டுத் தொழிற்சாலை, பீச் பாய்ஸ், மங்கீஸ் என்று அறுபதுகளின் பாப் முழுதும் உள்ளே இருக்கிறது. ஒரே சம்பவத்தை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லியிருந்தால் மூன்றையும் வைத்து, எது நம்பத்தகுந்தது, ஏன் என்று சொல்வார். சாங் எக்ஸ்ப்ளோடரில் நமக்குக் கிடைக்காதது இது. பாடகர் வீட்டில் பெண்ணை அடித்தவர் என்றால் அதையும் பூசி மெழுகாமல் சொல்கிறார். ஆரம்ப எபிசோட்கள் அரை மணி நேரம். போகப்போக நீண்டு, கிரேட்ஃபுல் டெட்டின் 'டார்க் ஸ்டார்' பற்றியது நாலு மணி நேரத்தைத் தாண்டுகிறது. குரலில் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. ஒருவர் புத்தகம் வாசிக்கக் கேட்பது மாதிரிதான். வாசிப்பதை அப்படியே எழுத்திலும் தன் தளத்தில் போட்டிருக்கிறார் என்பது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய வசதி. உச்சரிப்பு பிடிபடாத பெயரை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'சிக்ஸ்டி சாங்ஸ் தட் எக்ஸ்ப்ளெய்ன் த நைன்டீஸ்' 2020-இல் வந்தது. ராப் ஹார்வில்லா சிரிக்க வைக்கிற எழுத்தாளர், ஆனால் பாட்டுக்கு வருவதற்குள் தன் ஒஹாயோ பால்யத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வருவார். அந்த ஊர்க் கடைகளும் டிவி விளம்பரங்களும் தெரியாத நமக்குப் பாதி நகைச்சுவை தலைக்கு மேலே போகும். அறுபது பாட்டு என்று ஆரம்பித்து 120 வரை போய், இப்போது இரண்டாயிரங்களுக்குள் நுழைந்துவிட்டது. 'டிஸெக்ட்' ஒரு சீசனுக்கு ஒரே ஆல்பம். கோல் குச்னா 2016-இல் கென்ட்ரிக் லமாரின் 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை'யோடு தொடங்கினார். ராப் வரிகளை வரி வரியாகப் பிரிக்க ஆசைப்படுபவருக்கு இதற்கு நிகரில்லை. மற்றவர்களுக்குப் பாடம் படிக்கிற அலுப்பு வரும். கிர்க் ஹாமில்டனின் 'ஸ்ட்ராங் சாங்ஸ்' ஸ்விட்ச்டு ஆன் பாப்புக்கு நேர்ப் போட்டி. ஒற்றை ஆள். பாட்டின் பகுதிகளைத் தானே வாசித்துப் பதிந்து காட்டுவதால் எந்தக் கருவி எங்கே நுழைகிறது என்பது துல்லியமாகப் புரியும். கருவி வாசிக்கிறவர் வீட்டில் இருந்தால் ஸ்லோனையும் ஹார்டிங்கையும் விட்டுவிட்டு இதற்குப் போகச் சொல்வேன்.

ஆக, இரண்டு என்றால் என் தேர்வு ஹிட் பரேடும், பொறுக்கி எடுத்த சாங் எக்ஸ்ப்ளோடரும். ஒன்று பாட்டை வெளியிலிருந்து காட்டுகிறது, மற்றது உள்ளேயிருந்து. ஒன்றின் ஓட்டை இன்னொன்றால் அடைபடுகிறது. ஸ்விட்ச்டு ஆன் பாப்பும் சாங் எக்ஸ்ப்ளோடரும் சேர்ந்தால் இரண்டுமே பாட்டுக்குள்ளேயே சுற்றும். கொஞ்ச நாளில் திகட்டிவிடும். இந்த வாரப் பாட்டுகளோடு இருக்க விரும்பும் கல்லூரி வயதுக்காரருக்கு மட்டும் சாங் எக்ஸ்ப்ளோடருக்குப் பதில் ஸ்விட்ச்டு ஆன் பாப் என்று மாற்றிச் சொல்வேன். தினமும் செங்கல்பட்டிலிருந்து சென்னைக்கு ரயிலில் வந்து போகிறவர் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம். ஹிக்கி ஒருவர் போதும், மாதக்கணக்கில் ஓடும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஆப்பில் இரண்டு விஷயத்தைச் சரிபார்த்துவிடுங்கள். அரசியல் பேச்சை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிற பழக்கம் இருந்தால், இந்தத் தொடர்களுக்கு மட்டும் ஒரு மடங்குக்குக் குறைத்து வையுங்கள். இல்லையென்றால் சோகப் பாட்டு ஓட்டப்பந்தயமாகிவிடும். பேச்சில் வரும் மௌனத்தைத் தானாக வெட்டும் வசதி பாக்கெட் காஸ்ட்ஸ் போன்ற ஆப்களில் உண்டு, அதையும் நிறுத்திவிடுங்கள். தாளத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு அடிக்கு நடுவிலுள்ள இடைவெளியை ஆப் தின்றுவிட்டால் அவர்கள் சொல்வது எதுவும் விளங்காது. சாங் எக்ஸ்ப்ளோடரை மட்டும் ஒற்றைக் காதில் மாட்டிக் கேட்காதீர்கள். இடது பக்கம் மட்டும் ஒலிக்கிற கிடார் ட்ராக் ஒன்று வரும். வலது காதில் மாட்டியிருந்தால் டான் வில்சன் எதைக் காட்டிப் பேசுகிறார் என்றே தெரியாமல் நின்றுகொண்டிருப்பீர்கள்.